நான் சொன்னதும் அவர் எழுதியதும்

மேசையில் இரண்டு தாள்கள். அச்சு இயந்திரத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. எதிரே இருந்த பொலிஸ்காரர் அவற்றை என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே ஒரு நீலப் பேனாவையும் வைத்தார்.

"வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், மதாம்" என்றார் பிரெஞ்சில்.

அவருக்குக் கடுமையான தடிமன், மூக்கு சிவந்திருந்தது. புதினா இனிப்பு ஒன்றை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். அந்த வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. இன்றைக்கும் யாராவது பக்கத்தில் அந்த இனிப்பைப் பிரித்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

வாசிக்கத் தொடங்கினேன். என் பெயர், பிறந்த ஊர், செய்யும் வேலை எல்லாம் சரியாக இருந்தன. இரண்டாவது பந்தியில் ஒரே வசனம் பல வரிகளுக்கு நீண்டு கிடந்தது. நடுவுக்கு வந்தபோது தொடக்கம் மறந்துபோனது. மறுபடி தொடக்கத்துக்குப் போனேன். முடிவுக்கு வந்தபோது நடுப்பகுதி கைவிட்டுப் போயிருந்தது.

அதே கட்டடத்தில் எங்கோ ஓர் அறையில் ரகுவை அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் அவனுடைய மனைவி கலா குந்தியிருந்தாள். அந்தத் தாளில் இருந்தது நான் சொன்னதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. பேனா என் கைக்குள் வந்திருந்தது.

கண்ணாடிக்கு வெளியே

பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்யும் புடவைக் கடையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் கடைக்கு எதிரே ஒரு மரக்கறிக் கடை. அதற்குச் சாமான் கொண்டுவந்து இறக்குகிறவன்தான் ரகு. பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் மனைவி பிள்ளைகளோடு இருந்தான். விடியமுன் கிளம்பி வெள்ளை வானை ஓட்டிக்கொண்டு வருவான். கடைக்குள் வந்து கதைக்க அவனுக்கு நேரம் இருக்காது. கண்ணாடிக்கு வெளியே நின்று "என்ன அக்கா?" என்று வாயசைத்துவிட்டுப் போய்விடுவான். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அன்று குளிர்காலத்துப் பிற்பகல். மழை விட்டிருந்தது. நான் கண்ணாடியோரம் பொம்மைக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தேன். கொசுவத்தைப் பிடித்து வைக்க வேண்டிய ஊசிகள் என் உதட்டுக்கு நடுவே இருந்தன.

ரகு சாமான் இறக்கி முடித்து வானில் ஏறி உட்கார்ந்திருந்தான். முன்னால் வாகனங்கள் நின்றதால் போக வழியில்லை. நின்ற இடத்திலேயே காத்திருந்தான். அப்போது ஒரு பையன் துரொத்தினெத்தில், அதுதான் நின்றுகொண்டே ஓட்டுகிற அந்த மின்சார வண்டியில், ஒருவழிப் பாதையின் தலைமாறான பக்கத்திலிருந்து வேகமாக வந்தான். ஒரு கையில் போன். தலை குனிந்திருந்தது. வந்தவன் வானின் முன்மூலையில் மோதினான். விழுந்தவனுடைய கால் பம்பருக்குக் கீழே, நடைபாதை விளிம்போடு இறுகிக்கொண்டது.

ரகு யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தான். உடனே வானைப் பின்னுக்கு எடுத்தான். கால் விடுபட்டது. பையன் அலறினான்.

அந்த அலறலைக் கேட்டுத்தான் தெருவில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது நகர்கிற வானும் கீழே கிடக்கிற பையனும். "அடித்துவிட்டு ஓடப் பார்க்கிறான்" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் ஓடிப்போய் வானின் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் ஊசிகளைத் துப்பிவிட்டு வெளியே ஓடியபோது ரகுவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பிரெஞ்சில் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல வராது. பயந்தால் அந்த நாலும் வராது.

பொலிஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

"நான் பார்த்தேன்" என்று அங்கே நின்ற ஒரு பொலிஸ்காரியிடம் பிரெஞ்சில் சொன்னேன். என் பெயரைக் குறித்துக்கொண்டு, நிலையத்துக்கு வரச் சொன்னாள்.

எங்கள் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "உங்களுக்கேன் இந்த வேலை? நாளைக்குக் கடை வாசலிலை பொலிஸ் வந்து நிண்டால் ஆர் உள்ளுக்கை வருவினம்?" என்றார்.

"நான் கண்டனான் அண்ணை. கண்டதைச் சொல்லாமல் இருக்க ஏலுமே?" என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன். பயம் அப்போது வரவில்லை. பிறகுதான் வந்தது.

"உங்களுக்குப் பாஷை தெரியும்தானே"

நிலையத்தில் கலா எனக்கு முன்பே வந்திருந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். காலில் வீட்டுச் செருப்பு. அது அவளுக்குத் தெரியுமோ தெரியாது.

தடிமன் பிடித்த அந்தப் பொலிஸ்காரர் வந்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் நாளைக் காலையில்தான் வர முடியும் என்றார். "நீங்கள் பிரெஞ்சு பேசுகிறீர்களே. இப்போதே சாட்சி சொல்லலாம். இல்லையென்றால் நாளைக்கு வாருங்கள்."

கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாளைக்கு எண்டால் இரவு முழுக்க அவரை உள்ளுக்கை வைச்சிருப்பாங்கள். அவரின்ரை விசாக் கார்ட் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்குது. ஏதும் எழுதிப்போட்டாங்கள் எண்டால் என்ன செய்யிறது? உங்களுக்குப் பாஷை தெரியும்தானே?"

தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இத்தனை வருடமாகக் கடையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பட்டின் விலை சொல்லிப் பேரம் பேசி விற்றிருக்கிறேன். சந்தையில் சண்டை பிடித்திருக்கிறேன். பிள்ளையின் பள்ளிக்கூட ஆசிரியைகளோடு சிரித்துப் பேசியிருக்கிறேன்.

"ஓம், நான் சொல்லுறன்" என்றேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். கேள்விக்கு மறுமொழி தயங்காமல் வந்தது. அவர் தட்டச்சுச் செய்துகொண்டே தலையாட்டினார். "மிக நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றுகூடச் சொன்னார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. நான் பிரெஞ்சில் எல்லாவற்றையும் நிகழ்காலத்தில்தான் பேசுகிறேன். நேற்றைக்குப் போனதும் போகிறதுதான், போன வருடம் செத்தவரும் சாகிறவர்தான். அந்த மொழியின் இறந்தகாலங்களைப் பேச்சின் நடுவே தேடிப் பிடிப்பதற்குள் சொல்ல வந்தது போய்விடும். கடையில் அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

"பையன் வருகிறான், வான் நகர்கிறது, பையன் கத்துகிறான்" என்று சொல்லியிருக்கிறேன். நகர்கிறது என்பதற்கு 'பூஜ்' என்ற சொல். முன்னுக்குப் போனாலும் பின்னுக்குப் போனாலும் எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

ஆறா, ஏழா?

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

பிரெஞ்சில் யாராவது தொலைபேசி எண் சொல்லி எழுதிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எழுபத்தைந்து என்பதற்கு அவர்கள் 'அறுபது, பதினைந்து' என்பார்கள். அறுபது என்று காதில் விழுந்தவுடன் என் கை ஆறு எழுதிவிடும். பதினைந்து வந்தவுடன் ஆறை வெட்டி ஏழாக்க வேண்டும். ஆறை ஏழாக்குகிற நேரத்தில் அவர்கள் அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டிருப்பார்கள். அதைப் பிடிக்கப் போனால் பதினைந்து மறந்துவிடும். பெண்கள் தைக்கத் தரும் சட்டைத் துணிப் பைகளில் நான் எழுதிய எண்கள் பாதி வெட்டும் குத்துமாகத்தான் இருக்கும். தைத்த சட்டையை வாங்க வராத பெண்களுக்குப் போன் எடுத்தால் யாரோ ஒரு கிழவர் "அலோ" என்பார்.

என் மகள் துளசி பேச்சுச் சிகிச்சை படிக்கிறாள். நான் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒருநாள் குசினியில் அவள் என்னை வைத்து ஒரு விளையாட்டு விளையாடினாள். தமிழில் சில எண்களை வரிசையாகச் சொல்லி, அவற்றைப் பின்னாலிருந்து முன்னுக்குச் சொல்லச் சொன்னாள். வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னேன். எண்களின் எண்ணிக்கையைக் கூட்டினாள். அதையும் சொன்னேன்.

"இப்ப பிரெஞ்சிலை" என்றாள்.

பாதி எண்களிலேயே தடுக்கி விழுந்தேன். கத்தியை வைத்துவிட்டேன். கோபம் வந்தது.

"எனக்கு இந்த எண் எல்லாம் தெரியுமடி. ஏன் வருகுதில்லை?"

"தெரியும்தான் அம்மா" என்று தமிழில் தொடங்கி வழக்கம்போலப் பிரெஞ்சுக்குத் தாவினாள். அவள் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். கேட்டதையோ வாசித்ததையோ கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டு அதோடு வேலை செய்கிற இடம் ஒன்று தலைக்குள் இருக்கிறதாம். எல்லோருக்கும் அது சின்ன இடம்தானாம். தாய்மொழியில் சொற்கள் தாமாக வந்து இருக்கும். இரண்டாம் மொழியில் ஒவ்வொரு சொல்லையும் அடையாளம் காண்பதற்கே அந்த இடத்தில் பாதி போய்விடும். மீதி இடத்தில் ஒரு நீள வசனம் கொள்ளாது. பேசும்போது நமக்குத் தெரிந்த சொற்களை நாம் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது எதிராளியின் சொற்களை அவர் வைத்த வரிசையில்தான் எடுக்க வேண்டும்.

"ஆராவது பார்த்துக்கொண்டு நிண்டால் இன்னும் குறையும்" என்று முடித்தாள். "பயமும் அங்கைதான் வந்து இருக்கும்."

பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்தவள் நான். தமிழில் எவ்வளவு நீள வசனமானாலும், வினைமுற்று எங்கோ கடைசியில் வந்தாலும், மூச்சு எங்கே எடுக்க வேண்டுமென்று கண் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடும். அப்படிப்பட்டவள் இந்த ஊரில் ஒரு மின்சாரக் கட்டணக் கடிதத்தைக்கூட மகளிடம் கொடுத்துவிட்டு, "என்ன எழுதியிருக்கிறாங்கள்?" என்று கேட்கிறவளாகப் போனேன். வெளியில் யாருக்கும் அது தெரியாது. நல்லாகப் பேசுகிறேன் அல்லவா?

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இதையெல்லாம் எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வசனம்

"ஏதாவது பிரச்சினையா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"இல்லை, இல்லை" என்றேன். அந்தப் பொய் தானாக வந்தது.

மறுபடியும் அந்த வசனம். இந்தமுறை பக்கத்தில் கிடந்த என் மெத்ரோ அட்டையை எடுத்து வரிக்குக் கீழே வைத்தேன். மீதியை மறைத்தேன். தெரிந்த அளவை வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன். 'வான்… அசைவில் இருந்தது…' அட்டையை நகர்த்தினேன். '…துரொத்தினெத் அதன் அருகே வந்த நேரத்தில்.'

வான் அசைவில் இருந்தபோது பையன் வந்தான்.

நான் நிகழ்காலத்தில் கொட்டிய சொற்களை அவர் ஒழுங்கான இறந்தகாலத்தில் அடுக்கியிருந்தார். அடுக்கும்போது எது முதல், எது பிறகு என்பது தலைகீழாகிவிட்டது. அவரும் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் கொடுத்ததை வைத்துத்தான் எழுதினார்.

"இது சரியில்லை" என்றேன்.

"எது?"

"இது. வான் நகரவில்லை."

அவர் மூக்கைத் துடைத்தார். "மதாம், வான் நகர்ந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டு தடவை சொன்னீர்கள்."

"நகர்கிறது. ஆனால் அப்போது இல்லை."

"எப்போது?"

பிறகு என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்குப் பிறகு? பையன் வந்த பிறகா, விழுந்த பிறகா, கத்திய பிறகா? அவ்வளவையும் ஒரு வசனத்தில் கட்ட வேண்டும். முதல் துண்டைப் பிடித்தால் இரண்டாவது நழுவியது. "வான்… பையன் போது… பிறகு…" என்று இழுத்தேன். அவருடைய முகம் மாறுவதைக் கண்டேன். சற்று முன்பு நன்றாகப் பேசிய பெண் இப்போது ஏன் திக்குகிறாள்? வெளியே இருக்கிற அந்தப் பெண்ணுக்கு உறவுக்காரியோ?

"உங்களுக்கு அவரை முன்பே தெரியுமா?" என்று கேட்டார்.

"கண்டால் வணக்கம் சொல்வேன்."

"ம்."

அந்த 'ம்' எனக்கு நன்றாக விளங்கியது. எந்த மொழியிலும் அது ஒன்றுதான்.

"நான் வாசித்துக் காட்டட்டுமா?" என்று தாளை எடுத்து வேகமாக வாசித்தார். அது இன்னும் மோசம். காதால் நுழைந்தவை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்துப் போட மறுக்கலாம். மறுத்தார் என்று எழுதிவிடுவேன். ஆனால் அது அவருக்கு உதவாது."

இனித்தான் உண்மையான பயம். அந்த வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அச்சில் இருப்பதற்கு ஒரு பலம் இருக்கிறது. வான் அசைந்துகொண்டிருந்ததோ? நான் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணத்தில் அவன் முன்னுக்கு எடுத்திருப்பானோ? நான் கண்டது எது, அவன் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன் என்பதால் நினைத்துக்கொள்வது எது?

கண்ணை மூடினேன். பிரெஞ்சை விட்டேன். தமிழையும் விட்டேன். சத்தங்களை மட்டும் வரச் சொன்னேன்.

டொக் என்று மோதிய சத்தம். கடைக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு சின்ன அமைதி. அதற்குப் பிறகுதான் பீப், பீப், பீப். ரகுவின் வான் பின்னுக்குப் போகும்போது மட்டும் கத்துகிற சத்தம். அதன் நடுவிலே அலறல்.

கண்ணைத் திறந்தேன்.

"மொசியு" என்றேன். "எனக்குப் பேச வரும். வாசிக்கவும் வரும். ஆனால் இவ்வளவு நீளமாக, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, வேகமாக வராது. எனக்கு ஒரு வெறும் தாள் தாருங்கள்."

இத்தனை வருடமும் யாரிடமும் சொல்லாததை அந்த அந்நிய மனிதரிடம் சொல்லிவிட்டேன். அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அச்சு இயந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவித் தந்தார்.

எழுதினேன். ஒரு வரியில் ஒரே ஒரு விஷயம். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும்.

வான் நிற்கிறது.

பையன் வருகிறான்.

பையன் வானில் மோதுகிறான்.

பையனுடைய கால் வானுக்குக் கீழே இருக்கிறது.

எழுதி முடித்த வரியை நான் ஏந்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது தாளில் இருந்தது. தலைக்குள் அடுத்த வரிக்கு இடம் கிடைத்தது.

ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். வான்… அந்தச் சொல் எனக்குத் தெரியாது. 'பூஜ்' என்று எழுத முடியாது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நிமிர்ந்தேன். இரண்டு கையாலும் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தோளுக்கு மேலால் பின்னே பார்த்தேன். "பீப், பீப், பீப்" என்றேன்.

அவர் இனிப்பை உருட்டுவதை நிறுத்தினார்.

"ருகுலே?" என்றார். "பின்னுக்கு?"

"வுய்! பின்னுக்கு. காலை எடுக்க."

தாளைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். அவருக்கு அதை வாசிக்க ஒரு கணம்கூட ஆகவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பீப் சத்தம் மோதுவதற்கு முன்பா, பின்பா?"

"பின்பு."

"நிச்சயமாகவா?"

"நிச்சயம். டொக். பிறகு பீப்."

அவர் எழுந்து வெளியே போனார். கதவுக்கு அப்பால் யாரோடோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. திரும்பி வந்தவர் அந்த நீள வசனத்தை அழித்தார். விசையைத் தட்டத் தட்ட அது எழுத்தெழுத்தாகப் பின்வாங்கிப் போனதைத் திரையின் ஓரத்தில் கண்டேன். என் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் வரிகளைப் பிழை திருத்தி, அதே வரிசையில் அடித்தார்.

புதிய தாளை நான் விரல் வைத்து, தமிழில் முணுமுணுத்து, ஆறுதலாக வாசித்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் 'வலது' என்று இருந்தது. "இடது" என்றேன். திருத்தினார். கையெழுத்துப் போட்டேன்.

"அடுத்த முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்" என்றார். "அது உங்கள் உரிமை." குரலில் கடுமை இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது.

வாசலில்

வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளில் அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்தே, தான் போனைப் பார்த்துக்கொண்டு வந்ததையும் வான் நின்றதையும் சொன்னானாம். ரகு மேல் இருந்த விசாரணையை மூடிவிட்டார்கள். அவனுக்குக் கார்ட்டும் கிடைத்தது. நான் லா சப்பலுக்குப் பக்கத்திலேயே மாலை எழுத்து வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். இறந்தகாலங்களோடு இன்னும் மல்லுக்கட்டுகிறேன். நீள வசனங்களை இன்னும் வெட்டித்தான் வாசிக்கிறேன்.

ஆனால் என் மனதில் நிற்பது அதெல்லாம் இல்லை. அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் நிலைய வாசலில் நடந்தது.

நான் வெளியே வந்தபோது கலா எழுந்து நின்றாள். "என்ன கேட்டவங்கள் அக்கா? என்ன சொன்னவங்கள்?" பயமில்லை என்று தலையை ஆட்டினேன். இருவரும் வாங்கில் இருந்தோம். அவளுடைய செருப்புக் கால்கள் குளிரில் சிவந்திருந்தன. என் சால்வையை எடுத்து அவற்றின் மேல் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ரகுவை வெளியே விட்டார்கள். அடைக்கும்போது கழற்றி வாங்கிய இடுப்புப் பட்டியும் சப்பாத்துக் கயிறுகளும் ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் கையில் இருந்தன. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தான். எங்களைக் கண்டதும் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. படியில் குந்தினான். கயிற்றைச் சப்பாத்தின் துளைக்குள் விடப் பார்த்தான். நுனி உள்ளே போகவில்லை. கலா ஈர நிலத்தில் முழங்கால் ஊன்றிக் கயிற்றை வாங்கிக் கோர்க்கத் தொடங்கினாள்.

அவன் அவளுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தான்.

"அக்கா, அந்தப் பொடியன்ரை கால் எப்பிடி?"

அன்று முழுவதும் வான் எப்போது நகர்ந்தது என்பதையே பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அந்தக் கேள்வி ஒருதரமும் தோன்றியிருக்கவில்லை. கலாவும் கையை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"தெரியேல்லை தம்பி" என்றேன். "இருங்கோ, கேட்டுக்கொண்டு வாறன்."

திரும்பிப் போய் பொலிஸ் நிலையத்தின் கனத்த கதவைத் தள்ளினேன்.